டோனாவின் நினைவு யாருடையது?

1

2008 ஜூலை 5 அன்று பிபிசியில் ஒளிபரப்பான ஒரு காட்சி. டோனா நோபிள் லண்டனின் சிஸிக் பகுதிக்காரர். அலுவலகங்களில் தற்காலிக வேலைக்குப் போகிறவர். நிமிடத்துக்கு நூறு சொல் தட்டச்சு செய்வார். நீ எதற்கும் லாயக்கில்லை என்கிற தொனியிலேயே அம்மா அவரிடம் பேசுவார். டோனாவும் அதை நம்பிவிட்டவர். டாக்டர் என்று மட்டும் தன்னை அழைத்துக்கொள்ளும் வேற்றுக்கிரகவாசி ஒருவரோடு காலத்தின் ஊடே பயணம் போகிறார். கடைசியில் டாக்டரின் அறிவு முழுவதும் டோனாவுக்குள் ஏறிவிடுகிறது. அந்த அறிவைக்கொண்டு பிரபஞ்சத்தையே காப்பாற்றிவிடுகிறார்.

காப்பாற்றி முடித்த கையோடு டாக்டர் சொல்கிறார்: மனித மூளை இந்த அறிவைத் தாங்காது, நீ இறந்துவிடுவாய். வேண்டாம், என்னைப் பழையபடி ஆக்கிவிடாதே என்று டோனா கெஞ்சுகிறார். டாக்டர் அவருடைய நெற்றியின் இரு பக்கமும் விரல்களை வைத்து, தன்னைச் சந்தித்த நாள் முதலான நினைவுகள் அனைத்தையும் அழிக்கிறார். பிறகு வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். கண்விழித்த டோனா தொலைபேசியில் தோழியிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருக்கிறார். எதிரே நிற்பவர் யாரென்று தெரியவில்லை. டாக்டர் மழையில் நனைந்தபடி தனியே கிளம்புகிறார். கேமரா அவரோடு போய்விடுகிறது.

முதல் முறை பார்த்தபோது நான் அழுதேன். இரண்டாம் முறை பார்த்தபோது கோபம் வந்தது. வேண்டாம் என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்னது அந்தக் கதையில் டாக்டரின் துயரமாக மாறிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். இழந்தவர் டோனா, துக்கம் விசாரிக்கப்பட்டது டாக்டரிடம். அந்தக் கோபத்தில்தான் 'டாக்டர் ஹூ' தொடரின் வரலாற்றைப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு பெண்ணின் நினைவை என்ன செய்வது என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதும் தலைமை மாறும்போதெல்லாம் விடையும் மாறுகிறது.

டோனாவை 'அவள்' என்றும் டாக்டரை 'அவர்' என்றும் எழுதத்தான் என் கை முதலில் போனது. இந்தக் கட்டுரையில் எல்லோரும் 'அவர்'தான்.

2

நம் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் ஒருவர் விலகினால் திரையில் ஒரு வரி வரும்: இவருக்குப் பதில் இனி இவர். மறுநாள் அதே மருமகளாக வேறொருவர் காபித் தட்டோடு வருவார். நாமும் இரண்டு நாளில் பழகிவிடுவோம். 'டாக்டர் ஹூ' அந்த ஒரு வரியையே கதையாக்கிக்கொண்ட தொடர். 1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை சரியில்லாமல் போனது. டாக்டரின் இனத்தவர் சாகும் தறுவாயில் புது உடல் எடுப்பார்கள் என்று ஒரு விதியை உருவாக்கி, பாட்ரிக் டிரவ்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த விதியால்தான் தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்தது.

நடிகர் மாறுவது கண்ணுக்குத் தெரியும். எழுதுகிறவர் மாறுவதற்கு அப்படி எந்த அறிவிப்பு வரியும் இல்லை. பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வரும். கதையின் குணம் மாறுவது அங்கேதான்.

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த சிட்னி நியூமன், வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்ணைத் தயாரிப்பாளராக அமர்த்தினார். லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. அந்தப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். சூட்டும் டையுமாக வெள்ளை ஆண்கள் நிறைந்திருந்த அலுவலகத்தில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. இரண்டாவது கதையில் டாலெக் என்ற உலோக எதிரிகள் வந்தபோது, இத்தகைய ராட்சதர்களே வேண்டாம் என்று சொல்லியிருந்த நியூமன் கோபப்பட்டார். லாம்பர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. டாலெக்குகள்தாம் தொடரை நிலைநிறுத்தின.

அந்தத் தொடரின் தொடக்க இசை எலும்புக்குள் ஊடுருவும். மெட்டை எழுதியவர் ரான் கிரைனர். அதை ஒலியாக்கியவர் பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த டெலியா டெர்பிஷயர். சிந்தசைசர் கைக்கு வராத காலம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றி, பிளேடால் வெட்டி ஒட்டி அந்த இசையைச் செய்தார். கேட்டு வியந்த கிரைனர், இசையமைப்பில் டெலியாவின் பெயரும் சேர வேண்டும் என்று விரும்பினார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைப் போடுவதில்லை என்பது நிறுவன வழக்கம். அதனால் போடவில்லை. 2001இல் டெலியா இறந்தார். அந்த இசைக்காக அவருடைய பெயர் தொடரின் திரையில் முதன்முதலாக வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில்.

அன்று அதிகாரம் தயாரிப்பாளரின் நாற்காலியில் இருந்தது. அவருக்கு அடுத்த இடம் ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு. யாரை எழுதச் சொல்வது என்று தேடுவதும், வந்த பிரதியைத் திருத்துவதும், போன கதையோடு இந்தக் கதை முட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. லாம்பர்ட் 1965இல் விலகினார். அதற்குப் பிறகு 1989இல் தொடர் நிற்கும்வரை வந்த தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். 1963 முதல் 1989 வரை இருந்த ஸ்கிரிப்ட் எடிட்டர்களும் எல்லோரும் ஆண்கள்.

2005இல் தொடர் மீண்டும் வந்தபோது ஏற்பாடு மாறியிருந்தது. தலைமை எழுத்தாளரே நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருப்பார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவரை ஷோ ரன்னர் என்பார்கள். வருடக் கதையின் போக்கை அவர் வகுப்பார். முக்கியமான கதைகளை அவரே எழுதுவார். மற்ற எழுத்தாளர்களையும் அவர்தான் தேர்ந்தெடுப்பார். 2005 முதல் 2010 வரை ரஸ்ஸல் டி. டேவிஸ், 2010 முதல் 2017 வரை ஸ்டீவன் மொஃபட், 2018 முதல் 2022 வரை கிறிஸ் சிப்னல், 2023இல் மறுபடியும் டேவிஸ். ஜூலி கார்ட்னர் போன்ற பெண்கள் நிர்வாகத் தயாரிப்பில் பெரும்பங்கு வகித்தார்கள். அவர் இல்லாமல் 2005இல் தொடர் மீண்டிருக்காது. ஆனாலும் கதையை முடிவுசெய்யும் அந்த ஒரு நாற்காலியில் 2025 வரை எந்தப் பெண்ணும் அமரவில்லை.

3

டாக்டரோடு பயணம் செய்பவர்களில் ஆண்களும் உண்டு. ஆனால் தொடரின் அடையாளமாக ஆனவர்கள் பெண்கள். அவர்களைத் தோழி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நம் அகப்பாடல்களின் தோழிக்கு நிறையப் பேச்சு உண்டு. தலைவனையே கண்டிப்பார், திருமணத்துக்கு நெருக்குவார். இந்தத் தொடரின் தோழிக்கு நெடுங்காலம் தரப்பட்ட வேலை, இது என்ன டாக்டர் என்று கேட்பது. அவர் கேட்டால்தான் டாக்டர் பார்வையாளருக்கு விளக்க முடியும்.

தொடக்கம் அப்படி இல்லை. முதல் தோழிகளில் ஒருவரான பார்பரா ரைட் வரலாற்று ஆசிரியை. 1964இல் வந்த 'தி அஸ்டெக்ஸ்' கதையில் அஸ்டெக் மக்கள் அவரைத் தெய்வமாகக் கருதிவிடுகிறார்கள். கிடைத்த அதிகாரத்தைக்கொண்டு நரபலியை நிறுத்தப் பார்க்கிறார் பார்பரா. வரலாற்றைத் திருத்த முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். பார்பரா தோற்கிறார்; ஒரே ஒரு மனிதரின் மனத்தை மட்டும் மாற்றுகிறார். ஆனால் அந்தக் கதையின் நடுவில் நிற்பவர் அவர்தான். டாக்டரோடு சமமாக வாதிடுகிறார். அப்போது தயாரிப்பாளர் லாம்பர்ட், ஸ்கிரிப்ட் எடிட்டர் டேவிட் விட்டேக்கர்.

1969இல் மால்கம் ஹல்க்கும் டெரன்ஸ் டிக்ஸும் எழுதிய 'தி வார் கேம்ஸ்' கதையின் முடிவில், டாக்டரின் இனத்தவர் அவரைப் பிடித்து விசாரிக்கிறார்கள். அவரோடு வந்த ஸோயி, ஜேமி இருவரின் நினைவுகளையும் அழித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். முதல் பயணம் மட்டும் மிச்சம். ஸோயி கணிதத்தில் கணினிக்கு ஈடுகொடுக்கும் இளம்பெண். தன் இடத்துக்குத் திரும்பியதும் எதையோ மறந்துவிட்டதாக ஒரு கணம் நினைக்கிறார். பிறகு ஒன்றுமில்லை என்று வேலையைப் பார்க்கப் போகிறார். டோனாவுக்கு நடந்தது முதலில் நடந்தது இங்கேதான். இங்கே அழித்தது அதிகாரபீடம். 2008இல் அழித்தது நண்பர்.

நினைவை அழிக்க இயந்திரமே தேவையில்லை என்பதற்கு லிஸ் ஷா சான்று. 1970இல் வந்த இவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. அந்தப் பருவத்தில் பொறுப்பேற்ற தயாரிப்பாளர் பேரி லெட்ஸ், இவ்வளவு விஷயம் தெரிந்தவர் டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பார் என்று யோசித்தார். அடுத்த ஆண்டு லிஸ் இல்லை. விடைபெறும் காட்சிகூட எழுதப்படவில்லை. லிஸ் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டார், டாக்டருக்குத் தேவை சோதனைக் குழாய் எடுத்துக் கொடுத்துப் பாராட்டும் ஓர் ஆள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார் என்ற தகவல் ஒரு வசனத்தில் வருகிறது. அந்த வசனத்தை எழுதியவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. லிஸ்ஸின் இடத்துக்கு ஜோ கிராண்ட் வந்தார். அன்பும் துணிச்சலும் நிறைந்தவர், அறிவியல் தெரியாதவர். 1973இல் ஓர் இளம் விஞ்ஞானியைத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்து விடைபெற்றார்.

அந்த 1973இன் கடைசியில் பத்திரிகையாளராக வந்த சாரா ஜேன் ஸ்மித்தை, 1976இல் டாக்டர் பூமியில் இறக்கிவிட்டுப் போனார். தன் கிரகத்துக்கு மனிதர்களைக் கூட்டிப்போக முடியாது என்பது காரணம். பிறகு ஏன் வந்து அழைக்கவில்லை என்று அடுத்த எழுத்தாளர்கள் யாரும் கேட்கவில்லை. சாரா ஜேன் அதைக் கேட்பதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

கடைசி ஸ்கிரிப்ட் எடிட்டரான ஆண்ட்ரூ கார்ட்மெலின் காலத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. 1987இல் வந்த ஏஸ் என்ற பதின்வயதுப் பெண் தானே வெடிமருந்து கலக்குபவர். வீட்டை வெறுத்து ஓடிவந்தவர். அந்த வீட்டின் கதை அவரைத் துரத்திக்கொண்டே வருகிறது. 1989இல் வந்த கடைசிக் கதையான 'சர்வைவல்' ஏஸை அவருடைய சொந்த ஊருக்கே திரும்ப அழைத்துப்போகிறது. எழுதியவர் ரோனா மன்றோ. தனியாக ஒரு கதையை எழுதிப் பெயர் பெற்ற முதல் பெண் 1983இல் வந்த பார்பரா கிளெக். முதல் பெண்ணுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. மன்றோ எழுதிய கையோடு தொடர் நிறுத்தப்பட்டது.

அந்தக் காலத் தொடருக்கே நேர்ந்த மறதியையும் சொல்ல வேண்டும். நாடாக்களைத் திரும்பப் பயன்படுத்தவும் இடத்தை மிச்சப்படுத்தவும் பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்தது. 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகளில் சுமார் நூறு இன்றும் கிடைக்கவில்லை. அவற்றின் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட ரசிகர்களால் வந்த மிச்சம் அது.

4

2005இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் செய்த முதல் காரியம், கதையைத் தோழியின் வீட்டிலிருந்து தொடங்கியது. ரோஸ் டைலர் துணிக்கடையில் வேலை செய்யும் 19 வயதுப் பெண். அரசுக் குடியிருப்பில் அம்மா ஜாக்கியோடு வாழ்கிறார். ஒரு கதையில், பன்னிரண்டு மணி நேரம்தான் ஆயிற்று என்று நினைத்து டாக்டர் ரோஸை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். ஆனது பன்னிரண்டு மாதம். அம்மா ஊரெல்லாம் காணவில்லை என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார். ஜாக்கி டாக்டரை அறைகிறார். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பெண்கள் அந்த நீலப்பெட்டியில் ஏறிப் போனார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் தேடினார்கள் என்று தொடர் அதிகம் யோசித்ததில்லை. அந்த அறையை எழுதியதற்காகவே டேவிஸை நான் மதிக்கிறேன். 2006இல் சாரா ஜேனைத் திரும்ப அழைத்து, ஏன் வரவில்லை என்று கேட்க வைத்ததும் அவர் பொறுப்பில் நடந்ததுதான். அந்தக் கதையை எழுதியவர் டோபி விட்ஹவுஸ்.

அதே டேவிஸ்தான் டோனாவின் முடிவையும் எழுதினார். தோழியின் பக்கம் நின்ற எழுத்தாளர், கடைசிக் கணத்தில் டாக்டரின் பக்கம் போய்விட்டார். காவியத்தன்மையுள்ள துயரம் வேண்டியிருந்தது. அதற்கான விலையை டோனா கொடுத்தார்.

2010இல் நாற்காலி மொஃபட்டிடம் வந்தது. அவருடைய கதைகள் கடிகார வேலைப்பாடு போன்றவை; முதல் கதையில் கிடந்த திருகாணி பத்தாவது கதையில் சுழலும். அந்த இயந்திரத்தில் பெண்கள் பெரும்பாலும் விடுகதைகளாக வந்தார்கள். ஏமி பாண்ட் சிறுமியாக இருந்தபோது டாக்டரைச் சந்தித்து, அவருக்காகக் காத்திருந்தே வளர்ந்தவர். 2011இல் ஏமியைக் கடத்திச் சென்று, அவருக்கே தெரியாமல் அவர் கர்ப்பத்தைக் காவலில் வைத்து, பிறந்த குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தை யாராக வளர்ந்தது என்பதே கதையின் பெரிய முடிச்சு. முடிச்சு அவிழ்ந்ததும் கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் மனம் எத்தனை காட்சிகளில் பேசப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் கைவிரல்கள் மிஞ்சும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மீண்டு வந்த தொடரில் எழுதிய முதல் பெண் ஹெலன் ரேனர். 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் எழுதினார். அதற்குப் பிறகு 2015 வரை ஏழு ஆண்டுகள் ஒரு பெண்ணும் எழுதவில்லை. மொஃபட்டின் முதல் நான்கு பருவங்களும் முழுக்க ஆண்கள் எழுதியவை.

2015இல் கேத்தரின் ட்ரெகென்னா, சாரா டோலார்ட் இருவரும் வந்தார்கள். ட்ரெகென்னாவின் கதைதான் இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. அஷில்டர் என்ற வைக்கிங் சிறுமியை டாக்டர் சாவிலிருந்து மீட்டதில் அவருக்கு இறவாமை வந்துவிடுகிறது. ஆயுள் முடிவில்லாதது, நினைவு மட்டும் சாதாரண மனித அளவு. நூறாண்டுகள் போனால் பெற்ற பிள்ளைகளின் முகமும் மறந்துபோகும். ஆகவே எழுதுகிறார். அலமாரி அலமாரியாக அவர் கையெழுத்தில் நாட்குறிப்புகள். சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன; தாங்க முடியாதவற்றை அவரே கிழித்திருக்கிறார். கொள்ளைநோயில் பிள்ளைகள் இறந்த பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை. இனி பிள்ளை பெறக் கூடாது என்று தனக்கே நினைவூட்ட வைத்திருக்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை மறப்பது என்று ஒரு பெண் தானே முடிவெடுப்பதை இந்தத் தொடர் அதுவரை இவ்வளவு நிதானமாகக் காட்டியதில்லை.

அதே பருவத்தின் முடிவில் மொஃபட் 'ஹெல் பென்ட்' எழுதினார். தோழி கிளாரா ஆஸ்வால்டின் உயிரைக் காக்க, அவருடைய மனத்திலிருந்து தன்னைப் பற்றிய நினைவை அழிக்கக் கருவியோடு வருகிறார் டாக்டர். டோனாவின் காட்சி அப்படியே திரும்புகிறது. ஆனால் கிளாரா ஒட்டுக்கேட்டுவிடுகிறார். கருவியின் திசையைத் திருப்பி வைக்கிறார். நாளை எனக்கு இருக்கிறதோ இல்லையோ, நேற்று என்னுடையது, அதைத் தொட உனக்கு உரிமை இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். யாருடைய நினைவு போகும் என்று தெரியாமலே இருவரும் சேர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். மறப்பவர் டாக்டர். கிளாரா ஒரு கால இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு, அந்த நாட்குறிப்புப் பெண்ணான அஷில்டரோடு போகிறார்.

டேவிஸ் எழுதியதற்கு மொஃபட் ஏழாண்டுகள் கழித்து எழுதிய பதில் இது என்றே நான் வாசிக்கிறேன். தலைமை மாறுவதால் கிடைக்கும் நன்மை இதுதான்: முன்னவர் முடித்த இடத்தைப் பின்னவர் முடிவாக ஏற்க வேண்டியதில்லை. ஏமியை எழுதிய அதே கைதான் கிளாராவின் மறுப்பையும் எழுதியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டாக்டரின் பரம எதிரி மாஸ்டர் 2014இல் பெண்ணுடலில் வந்ததும் மொஃபட் காலத்தில்தான். அடுத்தவர் ஏறுவதற்கான படியை அவர் கட்டி வைத்தார்.

5

ஏறியவர் கிறிஸ் சிப்னல். 2018இல் ஜோடி விட்டேக்கர் பதின்மூன்றாம் டாக்டராக வந்தார். எழுத்தாளர் குழுவும் விரிந்தது. அமெரிக்காவின் ரோசா பார்க்ஸ் பற்றிய கதையைச் சிப்னலோடு சேர்ந்து எழுதினார் மலோரி பிளாக்மன். தொடரில் எழுதிய முதல் கறுப்பினத்தவர் அவர். ஜாய் வில்கின்சன் எழுதிய கதையில், பதினேழாம் நூற்றாண்டு லங்காஷயரில் பெண் டாக்டரைச் சூனியக்காரி என்று தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். ஆணாக இருந்தவரை அறைக்குள் நுழைந்ததும் கிடைத்துவந்த மரியாதை இப்போது ஏன் கிடைக்கவில்லை என்று டாக்டரே வியக்கிறார். வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' 1947க்குப் போகிறது. தோழி யாஸ்மின் கானின் பாட்டி உம்ப்ரீன், பிரிவினைக் கோடு கிழிக்கப்படும் நாளில் ஓர் இந்து இளைஞரை மணக்கிறார். அன்றே அவரைப் பறிகொடுக்கிறார். அந்தத் திருமணத்தைப் பற்றிப் பேத்திக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. பாட்டி அதை மறக்கவில்லை, சொல்லாமல் வைத்திருந்தார். மறதிக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கதை அறிந்திருக்கிறது.

ஆனால் சிப்னல் தானே எழுதிய பெரிய கதை என்ன? 2020இல் வந்த 'த டைம்லெஸ் சில்ட்ரன்'. டாக்டர் நினைத்துக்கொண்டிருந்த தன் வரலாறே பொய். எங்கிருந்தோ வந்த கைவிடப்பட்ட ஒரு சிறுமி அவர். கண்டெடுத்து வளர்த்தவர் அந்தச் சிறுமியின் உடலில் சோதனைகள் செய்து, மறுவுடல் எடுக்கும் ஆற்றலைத் தன் இனத்துக்குக் கொடுத்தார். பிறகு டாக்டரின் நினைவுகள் அழிக்கப்பட்டன. ஸோயிக்கும் டோனாவுக்கும் நடந்தது டாக்டருக்கே நடந்திருக்கிறது. கறுப்பினச் சிறுமி ஒருவரின் உடலிலிருந்து எடுத்த ஆற்றலின் மேல் ஓர் ஆளும் இனமே எழுந்து நிற்கிறது என்பது மிகப் பெரிய கருத்து.

அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிப்னல் தயங்கினார் என்பது என் வருத்தம். அந்தக் கதையின் பெரும்பகுதியில் டாக்டர் அசைய முடியாமல் நிற்கிறார்; அவருடைய வரலாற்றை மாஸ்டர், இப்போது மறுபடியும் ஓர் ஆண், சொல்லிக்கொண்டே போகிறார். முதல் பெண் டாக்டர் தன் கதையைத் தானே கண்டுபிடிக்கவில்லை. 2021இல் இழந்த நினைவுகள் அடங்கிய கடிகாரம் கையில் கிடைத்தும், அதைத் திறக்காமல் கப்பலின் ஆழத்தில் மறைத்து வைக்கச் சொல்கிறார். திறக்காமலிருப்பதும் ஒருவரின் உரிமைதான். ஆனாலும் பெண் டாக்டரின் காலம் திறக்கப்படாத ஒரு கடிகாரத்தோடு முடிந்தது.

2022 அக்டோபரில் விட்டேக்கர் உடல் மாறி, மீண்டும் டேவிட் டெனன்ட் வந்தார். வழக்கமாகப் புது டாக்டர் பழையவரின் உடையிலேயே நிற்பார். இம்முறை உடையும் சேர்ந்து மாறியது. பெண்ணின் உடையில் ஓர் ஆண் நின்றால் கேலிக்குத் தீனியாகும் என்று எண்ணியதாக டேவிஸ் விளக்கினார். அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. என்றாலும் பெண்ணாக இருந்த ஆண்டுகளின் தடயம் ஒரு சட்டையளவுகூட அந்த உடலில் தங்கவில்லை.

2023 நவம்பரில் டேவிஸ் டோனாவிடம் திரும்பினார். இப்போது டோனாவுக்கு ரோஸ் என்று ஒரு மகள், திருநங்கை. நகரத்தைக் காக்க டோனாவின் பழைய அறிவு வேண்டும். நினைவு திரும்பினால் சாவு. டாக்டர் நிலைமையைச் சொல்கிறார், டோனா முடிவெடுக்கிறார். அவர் சாகவில்லை. தாயின் பாரம் மகளிடமும் பகிர்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து அந்த ஆற்றலை விட்டுவிடுகிறார்கள். நினைவு டோனாவிடமே தங்குகிறது. தான் எழுதிய அநீதியைத் தானே வந்து திருத்த ஓர் எழுத்தாளருக்குக் கிடைப்பது அரிய வாய்ப்பு. பதினைந்து ஆண்டுகள் கழித்து டேவிஸ் அதைச் செய்தார்.

6

இத்தோடு முடித்திருந்தால் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். ஆனால் 2025 இருக்கிறது.

அந்த ஆண்டின் தோழி பெலிண்டா சந்திரா, செவிலியர். நடித்தவர் கேரளத்தில் பிறந்த வரதா சேது. முதல் கதையிலேயே தன்னைக் கேட்காமல் தன் மரபணுவைச் சோதித்த டாக்டரை அவர் கண்டிக்கிறார். உன் சாகசங்களில் ஒன்றாக நான் இருக்க மாட்டேன், என்னை வீட்டில் விடு, எனக்கு வேலை இருக்கிறது என்பது அவர் நிலை. இந்தத் தொடரின் அறுபதாண்டு வரலாற்றை அறிந்துகொண்டே உருவாக்கிய பெண் என்று மகிழ்ந்தேன்.

பருவத்தின் கடைசிக் கதையில் உலகமே மாற்றி எழுதப்படுகிறது. ஒரு பொய் உலகத்தில் டாக்டருக்கும் பெலிண்டாவுக்கும் பாப்பி என்று ஒரு குழந்தை. அந்த உலகம் கலைந்ததும் குழந்தை மறைகிறது; எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முந்தைய தோழி ரூபிக்கு மட்டும் நினைவிருக்கிறது. குழந்தை இருந்தது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் டாக்டர் தன் உயிராற்றலைச் செலவழித்து மெய்யுலகைச் சற்றே நகர்த்துகிறார். பாப்பி திரும்புகிறார், இப்போது பெலிண்டாவின் மகளாக. பெலிண்டா தொடக்கத்திலிருந்தே மகளுக்காகத்தான் வீடு திரும்பத் துடித்தார் என்று முந்தைய காட்சிகளே மாற்றிக் காட்டப்படுகின்றன. வேலைக்கும் தன் வாழ்வுக்கும் திரும்ப விரும்பிய ஒரு பெண் அந்தக் கதையிலிருந்து காணாமல் போகிறார். பாப்பியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை; தாய்மையின் மேலும் இல்லை. பெலிண்டாவை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். தான் வேறொருவராக இருந்தது அவருக்கே தெரியாது. கெஞ்சவாவது டோனாவுக்கு ஒரு வாய்ப்பிருந்தது.

டோனாவுக்கு நினைவைத் திருப்பித் தந்த அதே கைதான் இதையும் எழுதியது. ஆகவே இதை ஒரு தனி எழுத்தாளரின் நல்ல மனம், கெட்ட மனம் என்று மட்டும் பேசிப் பயனில்லை. நீண்ட தொடரில் எழுதுகிறவர் மாறும்போது, முந்தையவர் அழித்ததைப் பிந்தையவர் மீட்கலாம். முந்தையவர் கொடுத்ததைப் பிந்தையவர் பறிக்கலாம். ஒருவரே இரண்டையும் செய்யலாம். அந்த மாற்றங்களையெல்லாம் இருபதாண்டுகளாக மூன்று ஆண்களே தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெரிட்டி லாம்பர்ட்டின் நாற்காலியில் தொடங்கிய தொடர் இது. 2007இல் ஒரு கதையில், மனிதராக மாறியிருந்த டாக்டர் தன் பெற்றோரின் பெயர் சிட்னி, வெரிட்டி என்று சொல்வார். அந்த ஆண்டு நவம்பரில் லாம்பர்ட் இறந்தார். தாயின் பெயரை நினைவில் வைத்திருக்கிற வீடு, மகளுக்குச் சாவியைக் கொடுக்கவில்லை.

பெலிண்டா இப்போது லண்டனில் தன் மகளோடு இருக்கிறார். ஏதோ ஒன்று விட்டுப்போனதாக ஸோயியைப் போல ஒரு கணம் அவருக்குத் தோன்றலாம். அதைக் கேட்க வருபவர் யார், எப்போது வருவார் என்பது அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் கையில் இருக்கிறது.